ஊசிக்குப் பயந்தவன் இன்சுலின் போடப் பழகியது

கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில், சீனி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் நான் கணக்கப்பிள்ளை. எனக்குச் சீனி வருத்தம். இந்தப் பகிடியை நானே முந்திச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

பல வருடங்கள் குளிசையோடு ஓடியது. முதலில் மெட்ஃபோமின், பிறகு அதோடு இன்னொன்று, பிறகு மூன்றாவதாக ஒன்று. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியே வந்தது. கடைசியில் டொக்டர், "இனி இன்சுலின் தொடங்குவம்" என்றார். வியாபாரத்தில் இருப்பவன் அல்லவா, உடனே தவணை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, தவணை தரலாம், ஆனால் கண்ணும் சிறுநீரகமும் தவணை தராது என்றார். அந்த வாரமே கிளினிக் மிஸ்ஸிடம் (நேர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அனுப்பினார்.

ஊசிப் பயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் "பயப்படாதீர்கள், வலிக்காது" என்று தொடங்குவார்கள். எனக்கு அது உதவவே இல்லை. என் பயம் வலியைப் பற்றியது என்று நானும் முதலில் நம்பினேன். ஆனால் பரிசோதனைக்காக எத்தனையோ தரம் இரத்தம் எடுத்திருக்கிறார்கள், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சமாளித்திருக்கிறேன். அந்த ஊசி இன்சுலின் ஊசியைவிட எவ்வளவோ தடிப்பு. ஆக, வலி மட்டும் காரணமில்லை. மற்றவர் குத்தும்போது நான் கண்ணை மூடலாம். நானே குத்தும்போது மூட முடியாது. அதுதான் முதல் சிக்கல். அதற்குப் பின்னால் வேறு பயங்களும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்ற பயம். அளவு பிழைத்தால் மயங்கிவிடுவேனோ என்ற பயம். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஊசிப் பயம்" என்று பெயர் வைத்திருந்தேன். அவிழ்த்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்று தெரிந்தது.

கடைசிக் கட்டம் என்ற பயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர். யாழ்ப்பாணத்தில் இருந்த என் பெரியப்பாவுக்கு இன்சுலின் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்தில் காலில் புண் வந்து, விரலை எடுத்து, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எங்கள் குடும்பக் கதையில் இந்த இரண்டும் ஒரே வரியில் வரும்: "ஊசி போட்டார், கால் போச்சு." உண்மையில் அவருக்கு ஊசி வந்தது மிகவும் பிந்தி. அதற்கு முன் எத்தனையோ வருடம் கட்டுப்பாடில்லாமல் இருந்த சீனி, நரம்பையும் இரத்தக் குழாயையும் ஏற்கெனவே பழுதாக்கிவிட்டது. கால் போனது அதனால். ஆனால் மாமி இன்றைக்கும் அந்த வரியை மாற்றிச் சொல்லத் தயாரில்லை.

டொக்டர் எனக்கு விளக்கியது இதுதான். இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். குளிசைகள் பெரும்பாலும் இருக்கிற இன்சுலினை நன்றாக வேலை செய்ய வைக்கும், அல்லது மிச்சமிருக்கும் கலங்களைத் தட்டி எழுப்பும். சுரப்பது போதாமல் போனால் வெளியிலிருந்து கொடுக்கத்தான் வேண்டும். சோற்றைக் குறைக்கவில்லை, நடக்கவில்லை, அதனால் வந்த தண்டனை என்று இதை எடுக்க வேண்டியதில்லை. குளிசையாக ஏன் தர முடியாது என்று கேட்டேன். இன்சுலின் ஒரு புரதம், விழுங்கினால் பருப்பைச் செரிப்பதுபோல வயிறு அதையும் செரித்துவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் இன்சுலின் வந்த கதையைத் தேடி வாசித்துக் காட்டினாள். 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் ரொறன்ரோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். முதல் மருந்து சுத்தம் போதாமல் சரிவரவில்லை. சுத்திகரித்து, அதே மாதம் 23ஆம் திகதி மறுபடி தொடங்கியபோது சீனி இறங்கியது. அதுவரை அந்த வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வைத்தியம், பட்டினி என்று சொல்லக்கூடிய உணவுக் கட்டுப்பாடு. அந்தப் பையன் பிறகு 13 வருடம் உயிரோடு இருந்தான். அவனுடைய வருத்தம் இன்சுலின் ஏறத்தாழ அறவே சுரக்காமல் போகிற முதலாம் வகை, என்னுடையது வேறு. என்றாலும், கடைசிக் கட்டத்தில் கிடந்தவனை எழுப்பிவிட்ட மருந்தைக் கடைசிக் கட்டம் என்று சொல்வது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது. அந்தக் காலத்தில் கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் அவித்து, ஊசி மழுங்கினால் கல்லில் தீட்டிப் போட்டார்களாம். இதை மட்டும் மகள் வாசிக்காமல் விட்டிருக்கலாம்.

சரி, இனி ஊசிக்கு வருவோம்.

கிளினிக் மிஸ் சிங்களப் பெண்மணி, தமிழ் அரைகுறையாகக் கதைப்பார், என் சிங்களமும் அப்படித்தான். அவர் செய்த மிகப் புத்தியான காரியம், முதல் தடவை மருந்து இல்லாமல் குத்தச் சொன்னது. வெறும் சிரிஞ். அளவு பிழைக்குமோ என்ற கவலை இல்லை, காற்றுக் குமிழி பற்றிய கவலை இல்லை. குத்துவது மட்டும்தான் வேலை. இரண்டு பயத்தை ஒரே நேரத்தில் சுமக்க வேண்டாம் என்பதுதான் இதன் சூட்சுமம். உங்களுக்குப் பழக்குகிறவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நான் சட்டையைத் தூக்கி, வயிற்றுத் தோலைப் பிடித்து, ஊசி முனையைத் தோலில் வைத்து, அப்படியே உறைந்துபோனேன். மெல்ல அழுத்தினேன். அது சுரீர் என்றது, இழுத்துவிட்டேன். மிஸ் தலையாட்டினார். மெல்லக் குத்தினால் வலிக்காது என்று நினைப்பது இயல்பு, நடப்பது தலைகீழ். தோலின் மேற்பரப்பில்தான் வலி உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. அந்த இடத்தில் ஊசி தாமதித்தால் நோகும், சட்டென்று கடந்துவிட்டால் பெரும்பாலும் தெரியாது. மிஸ் என் கையைப் பிடிக்கவில்லை. "எக்க, தெக்க, துன" என்று எண்ணினார். துன என்றதும் குத்தினேன். உள்ளே போனது தெரியவில்லை, போய்விட்டதா என்று குனிந்து பார்த்தேன்.

இன்றைக்கும் நான் சிங்களத்தில்தான் எண்ணுகிறேன். தமிழில் எண்ணிப் பார்த்தேன், மூன்றுக்குப் பிறகு நாலு வந்துவிடுகிறது.

இந்த எண்ணுகிற வேலையைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். குத்தலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்கப் போனால் ஒவ்வொரு நாளும் பயம் வரும். முடிவை எண்ணிக்கையிடம் கொடுத்துவிட்டால் கைக்குத் தன் வேலை தெரிந்துவிடும். சிலர் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடும்போது குத்துகிறார்கள். அதுவும் நல்லதுதான். எதுவானாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் செய்ய வேண்டும்.

ஊசியின் அளவைத் தெரிந்துகொண்டதும் எனக்குப் பாதிப் பதற்றம் இறங்கியது. சிரிஞ்சில் வரும் ஊசி பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீற்றர் நீளம். மருந்து உள்ளேயே இருக்கும், பேனை வடிவ ஊசிக் கருவியான இன்சுலின் பேனைக்கு 4 மில்லிமீற்றர் ஊசியும் இருக்கிறது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் கால் பங்கு அளவு. ஆள் மெலிவோ குண்டோ, ஊசி போடும் இடங்களில் தோலின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான். இன்சுலின் போக வேண்டியது அதற்குக் கீழே உள்ள கொழுப்புப் படைக்கு. தசைக்குப் போகக்கூடாது. போனால் வேகமாக உறிஞ்சப்பட்டுச் சீனி திடீரென்று இறங்கலாம். அதனால்தான் நீளமான ஊசியென்றால் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள், மெலிந்தவர்களுக்கு 45 பாகை சரிவாகவும் போடச் சொல்கிறார்கள். 4 மில்லிமீற்றர் ஊசியைப் பெரும்பாலான பெரியவர்கள் தோலைப் பிடிக்காமல் நேராகவே போடலாம். குடலில் குத்திவிடுமோ என்று என் மனைவி கேட்டாள். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டதுதான் ஆச்சரியம்.

தலைசுற்றி விழுகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஊசி, இரத்தம் பற்றிய பயம் மற்றப் பயங்களைப் போல இல்லை. மற்றப் பயங்களில் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். இதில் சிலருக்கு முதலில் ஏறிய இரத்த அழுத்தம் பிறகு சடாரென்று இறங்கிவிடும், கண் இருட்டும். இவர்களிடம் "உடம்பைத் தளர விடுங்கள்" என்பது பிழையான அறிவுரை. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஓஸ்ட் 1980களில் எழுதிய முறை இதற்கு நேர்மாறு. இருந்தபடியே கை, கால், உடம்புத் தசைகளை இறுக்கிப் பத்துப் பதினைந்து விநாடி பிடிக்க வேண்டும், முகம் சூடாவது தெரியும். பிறகு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, மறுபடி இறுக்க வேண்டும். ஐந்து தடவை. குத்தப்போகும் இடத்தை மட்டும் தளர்வாக விடவேண்டும். எனக்கு இது கிளினிக்கில் ஒருதரம் உதவியது. இரத்த அழுத்தமோ இதய வருத்தமோ இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழகும்வரை நின்றுகொண்டு ஊசி போட வேண்டாம்.

வீட்டில் தொடக்கத்தில் மனைவிதான் போட்டுவிட்டாள். "இஞ்ச காட்டுங்கோப்பா" என்று வருவாள், கதைத்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவாள். அவளுக்குக் கை நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது. யாராவது போட்டுவிடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. கண் மங்கியவர்கள், விரல் மடங்காதவர்கள் வேறு என்ன செய்வது? ஆனால் என் நிலைமையில் அது பயத்தை அப்படியே காப்பாற்றி வைத்தது. அவள் கோயிலுக்குப் போய்ப் பிந்தினால் என் சாப்பாடும் பிந்தியது. பிறகு அவளுடைய தங்கைக்குப் பிள்ளைப்பேறு வந்து அவள் யாழ்ப்பாணம் புறப்பட்டாள். பஸ் ஏறும்போது, "பயமெண்டால் பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிடுங்கோ, அவ நேர்ஸா இருந்தவ" என்றாள். பக்கத்து வீட்டு அன்ரியிடம் வயிற்றைக் காட்டுவதைவிட நானே குத்திக்கொள்வது மேல் என்று முடிவாகிவிட்டது. மனிதனை எது தள்ளும் என்று சொல்ல முடியாது.

அந்த நாட்களில் நான் ஒரு ஒழுங்கு பிடித்துக்கொண்டேன். எனக்குக் கொடுத்திருப்பது 30/70 கலவை இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு), காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன். முதலில் சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு கை கழுவி, விரலில் குத்திச் சீனி பார்ப்பேன். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தரம் உருட்டி, பத்துத் தரம் மேலும் கீழும் மெல்லக் கவிழ்ப்பேன். கலவை இன்சுலின் அடியில் வெள்ளையாகப் படியும், ஒரே பால் நிறமாக வரவேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைக்கும். எடுக்கவேண்டிய அளவுக்குச் சமமான காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, அதைக் குப்பிக்குள் விட்டு, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுப்பேன். காற்றுக் குமிழி இருந்தால் தட்டி மேலே கொண்டுவந்து வெளியேற்றுவேன். குமிழி தோலுக்குக் கீழே போனால் உயிர் போகும் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அப்படி ஒன்றுமில்லை. குமிழி பிடித்த இடத்தில் மருந்து குறையும், அவ்வளவுதான் நட்டம்.

போடும் இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் போதும். ஸ்பிரிட் பஞ்சு பிடித்தால் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், அதை ஊசியின் வலி என்று நினைத்துவிடுவோம். குளிரான மருந்தும் அப்படித்தான் கடுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். குத்திய பின் மருந்தை ஒரே சீராக அழுத்தி, பத்து எண்ணும்வரை ஊசியை உள்ளேயே வைத்திருந்து, குத்திய அதே கோணத்தில் எடுக்க வேண்டும். சில நாள் ஒரு பொட்டு இரத்தம் வரும். விரலால் அழுத்தினால் நின்றுவிடும், தேய்க்கக் கூடாது. ஊசி மேசைக்கு வந்ததிலிருந்து மூடி போடும்வரை அதிக நேரம் எடுக்கக் கூடாது என்பது என் அனுபவம். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு டீவி பார்க்கப் போனால் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

இடம் மாற்றுவதுதான் பலர் விடுகிற விஷயம், பயந்தவர்கள் இன்னும் அதிகமாக விடுவார்கள். ஒரு இடத்தில் நோகவில்லை என்றால் அடுத்த நாளும் அங்கேயே கை போகும். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்குக் கீழே கொழுப்புத் தடித்துக் கட்டியாகும். அந்தக் கட்டியில் நோவு குறைவு, அதனால் இன்னும் விருப்பமாக அங்கேயே போடுவோம். ஆனால் அதில் போட்ட இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒருநாள் ஏறும், ஒருநாள் விழும், டொக்டர் அளவைக் கூட்டுவார், யாருக்கும் காரணம் புரியாது. நான் வயிற்றை நாலு பகுதியாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். தொப்புளிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளித்தான் போடுவேன். பகுதிக்குள்ளும் முதல் நாள் குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போடுவேன். கணக்கப்பிள்ளை புத்தி, கொப்பியில் எழுதியும் வைப்பேன். மாதம் ஒருதரம் குளிக்கும்போது சவர்க்காரக் கையால் தடவிப் பாருங்கள், கட்டி இருந்தால் விரலுக்குத் தெரியும்.

கணக்கு என்று வந்ததால் மிக முக்கியமான ஒன்று. எங்கள் கிளினிக்கில் தரும் குப்பி ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகுக் குப்பியும் பரவலாக விற்கிறது, அதற்கு வேறு சிரிஞ். அங்கே 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது செம்மஞ்சள். சென்னைக்குப் போகிறவர்களிடம் மலிவு என்று மருந்து சொல்லிவிடும் பழக்கம் வெள்ளவத்தையில் நிறைய உண்டு. 100 அலகுக் குப்பியில் 40க்கான சிரிஞ்சால் 20 என்ற கோடுவரை எடுத்தால் உடம்புக்குப் போவது 50 அலகு. மறுவளமாக, 40 அலகுக் குப்பியில் 100க்கான சிரிஞ்சால் 20 கோடுவரை எடுத்தால் வெறும் 8 அலகு. குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். மாறியிருந்தால் மனக்கணக்குப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காமல் மருந்தையோ சிரிஞ்சையோ மாற்றிவிடுங்கள்.

சீனி இறங்கி மயங்கிவிடுவேனோ என்ற பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். இது உண்மையான பயம், இதை முழுதாக விடவும் கூடாது. வியர்வை, நடுக்கம், கடும் பசி, படபடப்பு, பார்வை மங்குவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அறிகுறிகள். கொழும்பு வெக்கையில் 101ஆம் இலக்க பஸ்ஸில் நின்றால் சீனி இறங்காமலே இவை எல்லாம் வரும் என்பது வேறு விஷயம். அதனால் முடிந்தால் விரலில் குத்திப் பாருங்கள், 70 mg/dlக்குக் கீழே என்றால் இறக்கம்தான். குத்திப் பார்க்க வசதியில்லை என்றால் இறக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு தரம். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுக்க வேண்டும். இதை வீட்டாருக்கும், வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். எங்கள் கடைப் பொடியன்களுக்குத் தெரியும். மூட்டை மூட்டையாகச் சீனி அடுக்கியிருக்கும் இடத்தில் முதலாளி எனக்கென்று குளுக்கோஸ் பெட்டி வாங்கி லாச்சியில் வைத்திருக்கிறார்.

கலியாண வீட்டுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எவராலும் சொல்ல முடியாது. அரை மணி நேரத்துக்கு முன் போடவேண்டிய ஊசிக்கு இது பெரிய தலையிடி. டொக்டரிடம் கேட்டேன். நேரம் நிச்சயமில்லை என்றால் இலை போடுவதைக் கண்ணால் கண்ட பிறகு போடுங்கள், கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை, ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பதுதான் ஆபத்து என்றார். இது எனக்குச் சொன்னது. உங்கள் இன்சுலின் வேறு வகையாக இருக்கலாம், உங்கள் டொக்டரைக் கேளுங்கள். கந்த சஷ்டி விரதமும் அப்படித்தான். ஆறு நாளும் வழக்கம்போலப் பிடிக்க ஆசைப்பட்டேன், ஆனால் ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடக்க முடியாது. செட்டியார் தெருக் கோயில்களுக்குப் போவேன், கும்பிடுவேன், சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுவேன். முருகன் கோபிக்கமாட்டார், மாமிதான் கோபித்தார்.

கூச்சம் போனதற்கு ஒரு ஓட்டோக்காரத் தம்பிதான் காரணம். மட்டக்குளியில் இருக்கிறார், கிளினிக்கில் பழக்கம். ஓட்டம் ஓடிக்கொண்டே இருப்பவர், சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடுவார். ஆட்கள் பார்க்கமாட்டார்களா என்றேன். "அண்ணை, கொழும்பில யாருக்கு நேரம் இருக்கு?" என்றார். உண்மைதான். நான் இப்போது கடைக்குப் பின்னால் கணக்கு மேசையில் இருந்தே போடுகிறேன். மலசலகூடத்துக்குள் போய் ஒளிந்து போடுவது மட்டும் வேண்டாம். சுத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை, பயமும் கூடும்.

மருந்தைப் பாதுகாப்பது பற்றி 2022ஆம் ஆண்டு எங்களுக்கு நன்றாகவே பாடம் நடத்திவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. திறக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். ஃபிரிட்ஜை அடிக்கடி திறக்காவிட்டால் குளிர் சில மணி நேரம் நிற்கும், அதனால் வீட்டில் எல்லோருக்கும் தடை போட்டோம். பாவிக்கிற குப்பி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெயில் படாத, வீட்டின் குளிர்ந்த மூலையில், ஏறத்தாழ நாலு வாரம் வைக்கலாம். சரியான காலமும் வெப்பநிலையும் பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும், திறந்த திகதியைக் குப்பியில் எழுதிவிடுங்கள். கொழும்பில் அறை வெப்பமே பல நாள் 30 பாகையைத் தொடும் என்பதால் நாங்கள் சின்ன மண்சட்டியை ஈர மணலில் இறக்கி, அதற்குள் உறையில் போட்டு வைத்தோம். உறைய விடுவதும் வெயிலைப் போலவே கேடு. ஐஸ் பெட்டிக்குக் கீழேயோ ஃபிரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள், உறைந்த மருந்தை உருகவைத்துப் பாவிக்கவும் கூடாது. யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ் ஏறும்போது மருந்து கைப்பையில்தான் வரும், கீழே சாமான் பெட்டிக்குள் போகாது.

பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வைக்கிறேன். போத்தலில் தமிழிலும் சிங்களத்திலும் "ஊசி" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நிரம்பினால் கிளினிக்கில் கேட்டுக் கொடுப்பேன். குப்பைப் பையோடு போட்டால் அள்ள வருகிற மனிதரின் கையில் குத்தும். ஒரு ஊசி ஒரு தரம்தான் என்பது முறை. செலவைப் பார்த்துத் திரும்பப் பாவிக்கிறவர்கள் பலர் என்று தெரியும். முனை மழுங்கிய ஊசிதான் பயத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்வேன்.

பேனை வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஊசி சின்னது, அளவைத் திருப்பி வைத்தால் போதும், வெளியே கொண்டுபோக வசதி. ஒவ்வொரு தரமும் முதலில் 2 அலகை வெளியே விட்டு மருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண் பார்வை குறைந்தவர்களுக்கும் அளவு இழுக்கவே கை நடுங்குகிறவர்களுக்கும் பேனை பெரிய உதவி, காசு இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். எனக்கு அரசாங்கக் கிளினிக்கில் குப்பி இலவசமாகக் கிடைக்கிறது, சிரிஞ்சும் பழகிவிட்டது. கலியாண வீடுகளுக்காக ஒரு பேனை வாங்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள், வாங்கினாலும் வாங்குவேன்.

தொடையில் போடுவது இன்றைக்கும் எனக்கு ஒத்துவரவில்லை. வயிற்றில் கண்ணை மூடாமல் போடுகிறவனுக்குத் தொடையைக் கண்டால் கை நின்றுவிடுகிறது. காரணம் தெரியவில்லை. மிஸ்ஸிடம் சொன்னேன். வயிறும் பின்பக்கமும் போதும், அதற்குள் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.